தீ கட்டுக்குள் வந்த பிறகும் பூங்காவை ஏன் திறப்பதில்லை?

தடம்தேடி:
அமெரிக்க தேசியப் பூங்காக்களில் காட்டுத்தீ "100% கட்டுக்குள்" என்று அறிவித்த பிறகும் சில நடைபாதைகளை மாதக்கணக்கில் மூடியே வைக்கிறார்கள். தீ தொடாத பகுதிகளும் அதில் அடக்கம். ஏன்?

வேர்க்கால்:
அந்தச் சதவீதம் தீ அணைந்த அளவு அல்ல. எரிந்த பரப்பின் சுற்றெல்லையில், தீ தாண்டாது என்று நம்பக்கூடிய தடுப்புக்கோடு எவ்வளவு தூரம் போட்டாயிற்று என்பதுதான் கணக்கு. 100% ஆன பிறகும் உள்ளே கட்டைகள் வாரக்கணக்கில் புகையும்.

அடிமரம் பாதி எரிந்து நிற்கும் மரங்கள் காற்றில்லாத நேரத்திலும் சாயும். அதைவிட மோசம் வேர்க்குழி. மண்ணுக்குள் வேர் எரிந்துபோய்க் குழாய் மாதிரி வெற்றிடம் உண்டாகும்; மேலே சாம்பல் மூடியிருப்பதால் சமதரையாகத் தெரியும். கால் வைத்தால் உள்ளே இறங்கிவிடும், அடியில் கங்கு இருக்கலாம். தீயணைப்பு ஆட்கள் கையுறையைக் கழற்றிவிட்டு, புறங்கையைத் தரையருகே பிடித்துச் சூடு பார்த்துக்கொண்டே நகர்வது இதற்காகத்தான்.

ஓடைக்கரை:
மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடும் தீயில் சருகிலிருந்து ஆவியாகும் மெழுகுப் பொருள், மண்ணுக்குள் சில செ.மீ. ஆழத்தில் குளிர்ந்து படியும். அதற்குக் கீழே தண்ணீர் இறங்காது. சாம்பலை ஒதுக்கிவிட்டு மண்ணில் ஒரு சொட்டு விட்டால் தெரிந்துவிடும்: 40 விநாடி தாண்டியும் உருண்டையாகவே நின்றால் நிலைமை மோசம். உடனே உறிஞ்சினால் இன்னும் 1 செ.மீ. சுரண்டிப் பார்க்க வேண்டும், படிவு அடியில் இருக்கலாம்.

அப்படிப்பட்ட சரிவில் நாள் முழுக்கத் தூறுவதைவிட 15 நிமிடம் கொட்டும் மழைதான் ஆபத்து. சேறும் பாறையும் மரமும் ஓடை வழியே ஒன்றாக இறங்கும். எரியாத பள்ளத்தாக்குப் பாதைகளை மூடுவது அதனால்தான்.

தடம்தேடி:
2025-ல் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் தீ இருந்தது மேலே வடக்கு விளிம்பில். அடியில் நடந்துகொண்டிருந்தவர்களை ஏன் வெளியேற்றினார்கள்?

வேர்க்கால்:
குளோரின். டிராகன் பிராவோ என்று பெயரிட்ட அந்தத் தீ, விளிம்பில் இருந்த நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பிடித்து வாயு கசிந்தது. குளோரின் காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனம், பள்ளத்தில் போய்த் தேங்கும். ஆற்றில் படகில் வந்தவர்களையும் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் ஃபேன்டம் ரேஞ்ச் விடுதியில் நிற்காமல் கடக்கச் சொன்னார்கள்.

ஓடைக்கரை:
பாதை திறந்த பிறகு போவதானால், எரிந்த மரத்தடியில் உட்கார வேண்டாம், ஓடை வாய்க்கு அருகே கூடாரம் வேண்டாம். மேல்சரிவில் இடி கேட்டால், உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் பக்கவாட்டில் மேடேறிவிடுங்கள்.