தேன் விலை கேட்கிறார்கள், வாங்குவதில்லை

மார்த்தாண்டம் தேன்கடை:
ரப்பர் தோட்டத்துப் பெட்டித்தேன் விற்கிறேன். இன்ஸ்டாகிராம் ரீல்ஸை நிறையப் பேர் பார்க்கிறார்கள், வாட்ஸ்அப்பில் விலை கேட்கிறார்கள், சொன்னதும் சத்தமே இல்லை. விலையைக் குறைக்கவா?

குழித்துறைக்காரன்:
குறைக்காதீங்க அண்ணே, மலிவாக இருந்தால் சர்க்கரைப்பாகு என்றுதான் சந்தேகப்படுவார்கள். பழைய மெசேஜ்களை ஒருநாள் உட்கார்ந்து படியுங்கள். நானும் தேன் விற்கிறேன், என்னிடம் பாதிப்பேர் கேட்டது "ஏன் உறைந்திருக்கிறது?" என்றுதான். குளுக்கோஸ் படிகமாவதால் உறைகிறது என்று சொல்லி, வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்து அது இளகுவதை வீடியோவாகப் போட்டேன், அப்புறம் ஆர்டர் வர ஆரம்பித்தது.

நாகர்கோவில் அக்கா:
முதல்முறையே ஒரு கிலோ வாங்கப் பயம் தம்பி. 100 கிராம் பாட்டிலும் வையுங்கள். வாங்கியவர்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் போட்டு, தீரும் சமயம் விசாரியுங்கள்.

மார்த்தாண்டம் தேன்கடை:
சரி அக்கா, இன்றைக்கே மெசேஜ்களைப் படிக்கிறேன்.