புதுப்பிப்பு: ஓபெத் உறுமலை விட்டதும் திரும்ப எடுத்ததும்

2011-இல் ‘ஹெரிடேஜ்’ ஆல்பத்தோடு உறுமலை (தொண்டையிலிருந்து கரகரவென்று பாடும் டெத் மெட்டல் குரல்) கைவிட்ட ஸ்வீடன் இசைக்குழு ஓபெத்தை இன்னும் மெட்டல் என்று சொல்லலாமா என்று போன இழையில் கேட்டிருந்தேன், இரண்டு கட்சி கிளம்பிவிட்டது. உறுமல் இருந்த ‘வாட்டர்ஷெட்’டோடு (2008) கதை முடிந்தது என்றது பழைய கட்சி, 2003-லேயே ‘டாம்னேஷன்’ உறுமலே இல்லாமல் வந்ததே, அப்போது எங்கே போனீர்கள் என்று மடக்கியது மற்றது. நல்ல மடக்குதான். ஆனால் அது ‘டெலிவரன்ஸ்’ என்ற கனமான ஆல்பத்துக்கு ஜோடியாக வந்தது, அதனால் அப்போது பெரிதாக யாரும் பதறவில்லை.

சரி, இப்போது 2024 நவம்பரில் வந்த ‘தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்’ ஆல்பம். ஒரு பணக்காரக் கிழவர் செத்தபின் அவருடைய உயிலை வாசிக்கும் கதை அது. உறுமல் திரும்பியதில் பழைய கட்சிக்கு ஒரே கொண்டாட்டம். ஆனால் காது கொடுத்துக் கேளுங்கள்: முதல் ஏழு பாட்டுக்குப் பெயரே இல்லை, உயிலின் பத்தி எண்கள்தான், பழைய ராக் குழு ஜெத்ரோ டல்லின் இயன் ஆண்டர்சன் நடுநடுவே வந்து பேசுகிறார், புல்லாங்குழலும் ஊதுகிறார். எழுபதுகளின் ப்ராக் (ப்ராக்ரெசிவ் ராக்) பித்தை ஓபெத்தின் பாடகர் ஆக்கர்ஃபெல்ட் எங்கே விட்டார்? உறுமல்கூட எனக்கு அந்தச் செத்துப்போன பணக்காரக் கிழவரின் குரலாகத்தான் கேட்கிறது.

அப்புறம், கடைசிப் பாட்டு ‘எ ஸ்டோரி நெவர் டோல்ட்’ முழுக்க மென்குரல். அதைப் பற்றி மட்டும் பழைய கட்சியில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லையே, ஏன்?