'வேண்டிய ஆகாரம்' சரியான மொழிபெயர்ப்புதானா?

கூடாரவாசி:
இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில் உணவு கேட்கும் வரி மத்தேயு 6:11. அதைக் கத்தோலிக்கப் பூசையில் நாங்கள் 'அனுதின உணவை' என்கிறோம், புராட்டஸ்டன்ட் சபையான சி.எஸ்.ஐ.காரர்கள் 'வேண்டிய ஆகாரத்தை' என்கிறார்கள். ரெண்டுமே தப்பு என்பது என் கட்சி. கிரேக்க மூலத்தில் அப்பத்துக்கு அடைமொழியாக இருப்பது 'எபியூசியோஸ்'. எபி என்றால் மேல், ஊசியா என்றால் உள்பொருள். பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் 'சூப்பர்சப்ஸ்டன்ஷியாலெம்' என்றே போட்டார். எல்லாப் பொருளுக்கும் மேலான அப்பம், அதாவது பூசையில் பெறும் நற்கருணை. நாம் அதைச் சோறாக்கிவிட்டோம்.

பனையேறி:
பிரதர், அதே ஜெரோம் லூக்கா 11:3-ல் அதே சொல்லை 'அன்றாட' என்றே விட்டுவைத்தாரே? போதாக்குறைக்கு, பைபிளில் சேராத 'எபிரெயர் நற்செய்தி'யில் அந்த இடத்தில் 'மாஹார்', அதாவது 'நாளைக்குரிய' என்று பார்த்ததாக மத்தேயு விளக்கவுரையில் அவரே எழுதுகிறார். மூன்று பக்கமும் நிற்கிற சாட்சியை வைத்து வழக்கு நடத்த முடியாது.
எகிப்தில் ஹவாராவில் கிடைத்த ஒரு பாப்பிரஸில், அதாவது பழைய நாணல் ஏட்டில், மளிகைச் செலவுக் கணக்கு நடுவே இந்தச் சொல் இருந்ததாக 1889-லேயே அச்சாகியிருக்கிறது. அன்றாடப் படி என்பதுதான் அங்கே பொருள்.

எழுத்தாணி:
பனையேறி அண்ணே, நான் உங்க கட்சிதான், ஆனா அந்தப் பாப்பிரஸை விட்டுடுங்க. நூறு வருஷமா அகராதிகள் அதைச் சுட்டிக்கிட்டிருந்தன, மூல ஏடு மட்டும் கண்ணில் படலை. 1998-ல் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் கிடைச்சது. திரும்பப் படிச்சுப் பார்த்தா அங்கே இருந்தது 'எலாயு'. எண்ணெய்! மளிகைக் கணக்கில் எண்ணெய்ச் செலவு. அவ்வளவுதான்.

கூடாரவாசி:
பார்த்தீர்களா! ஆதித் திருச்சபை அறிஞர் ஓரிகன் சொன்னதுதான் நிற்கிறது. கிரேக்கத்திலேயே பேசி எழுதியவர் அவர். இந்தச் சொல் அறிஞர் எழுத்திலும் இல்லை, ஜனங்கள் பேச்சிலும் இல்லை, நற்செய்தியாளர்களே உண்டாக்கியதுபோல் இருக்கிறது என்கிறார். வெறும் சோற்றுக்கு யாராவது புதுச்சொல் உண்டாக்குவார்களா? 'அன்றன்றும்' என்பதற்கு லூக்கா அதே வசனத்தில் 'காத் ஹெமெரான்' என்ற சாதாரணச் சொல்லைத்தானே போடுகிறார்?

எழுத்தாணி:
கேள்வி நல்ல கேள்வி. ஆனா பிரிப்பு தப்பு. காசு, இல்லை சேர்ந்தா 'காசில்லை', உகரம் போயிடும் இல்லையா? அதுபோல எபியும் ஊசியாவும் சேர்ந்தா இகரம் விழுந்து 'எபூசியோஸ்' ஆகணும். இங்கே இகரம் நிக்குது. அதனால 'எபியெனாய்', அடுத்து வருதல் என்ற வினையிலிருந்து எடுக்கிறதுதான் பொருத்தம். அப்போஸ்தலர் 16:11-ல் 'மறுநாளிலே' என்பதற்குக் கிரேக்கம் 'எபியூசே'. வேறு என்ன வேணும்?

கூடாரவாசி:
தீத்து 2:14-ல் 'பெரியூசியோஸ்'. அங்கே இகரம் நிற்கிறதே?

எழுத்தாணி:
'பெரி'யின் இகரம் விழாது, 'எபி'யின் இகரம் விழும். இதைச் சொல்லத்தான் இலக்கணம் படிச்சோம்.

கூடாரவாசி:
சரி, 'நாளைக்குரிய அப்பம்' என்றே வைப்போம். அதே அதிகாரம் 34-ம் வசனத்தில் நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்கிறார் ஆண்டவர். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த மன்னாவும் மறுநாளுக்கு எடுத்து வைத்தபோது புழு பிடித்து நாறியது. நாளைய சோற்றை இன்றைக்கே கேட்கச் சொல்வாரா?

பனையேறி:
பாப்பிரஸ் விஷயத்தில் நான் தோற்றேன், இதில் விடமாட்டேன். எங்க அப்பா கொத்து வேலை. பொழுது சாயக் கூலி வாங்கி, வரும் வழியில் அரிசி வாங்குவார். அம்மா ராத்திரிக்கு வடித்து, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி மூடி வைப்பாள். காலையில் அதுதான் பழையது, அதைக் குடித்துவிட்டுத்தான் அப்பா வேலைக்குக் கிளம்பணும். சட்டியில் அது இருந்தால் அன்றைக்கு ராத்திரி வீட்டில் யாருக்கும் கவலை கிடையாது. மத்தேயு 20-ல் சந்தையில் நின்று ஒரு தெனாரியம் நாள்கூலிக்குப் போனவனும் இப்படித்தான் கேட்டிருப்பான். 'நாளைக்குள்ளதை இன்னைக்கே தாரும்.' பத்து வருஷத்துக்குச் சேர்த்து வைக்கவா கேட்டான்?

கூடாரவாசி:
இதற்கு மறுப்பு என்னிடம் இல்லை. ஆனால் 'வேண்டிய' என்ற சொல் 'நாளை'யும் இல்லையே, 'மேலான'வும் இல்லையே? அது எங்கிருந்து வந்தது?

எழுத்தாணி:
யார் எதைப் பார்த்து எழுதினாங்கன்னு தெரியாம சொல்லக் கூடாது. ஆனா சீரிய மொழி பைபிளான பெஷித்தாவில் 'எங்கள் தேவைக்கான அப்பம்'னுதான் இருக்கு. இயேசு பேசின அரமேயத்துக்கு அக்கா தங்கச்சி மொழி. நீதிமொழிகள் 30:8-ஐயும் பாருங்க, 'என் படியை எனக்கு அளந்து'.

கூடாரவாசி:
பெஷித்தாவை மதிக்கிறேன். புதுச்சொல் எதற்கு என்ற ஓரிகன் கேள்விக்கு மட்டும் இரண்டு பேரும் இன்னும் பதில் சொல்லவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வருகிறேன்.