ஜோதோதியா: வடகிழக்கின் குரலா, பாங்கியின் பேரழிவா?

நெய்தல்:
மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் முன்னாள் அதிபர் மிஷெல் ஜோதோதியாவைச் சூறையாடிகளின் தலைவர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது எனக்கு ஏற்புடையதல்ல. சோவியத் ஒன்றியத்தில் படித்தவர். அரசுப் பணியில் இருந்தவர். சூடானின் நியாலா நகரில் தன் நாட்டின் தூதரகப் பொறுப்பை வகித்தவர். அவருடைய சொந்த மண்ணான வாக்காகா நாட்டின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. மழைக்காலத்தில் தலைநகர் பாங்கிக்குச் செல்லும் சாலை அறுந்துபோகும். அரசாங்கம் என்று ஒன்று இருப்பதே அங்குள்ள மக்களுக்குத் தெரியாது. 2006இல் அங்கே கிளர்ச்சி வெடித்ததில் என்ன வியப்பு? அவர் எதிர்த்த அப்போதைய அதிபர் பொசிசேயும் 2003இல் ஆயுதத்தின் துணையோடு ஆட்சியைப் பிடித்தவர்தானே!

தொலைநோக்கி:
வடகிழக்கு புறக்கணிக்கப்பட்டதை நான் மறுக்கவில்லை. 2013 ஜனவரிக்குப் பிறகு நடந்ததைப் பற்றிப் பேசுங்கள். அரசும் கிளர்ச்சியாளர்களும் காபோன் தலைநகர் லிப்ரவிலில் செய்த ஒப்பந்தத்தின்படி அவருக்குத் துணைப் பிரதமர் பதவியும் பாதுகாப்புத் துறையும் கிடைத்தன. கேட்டது மேசையிலேயே கிடைத்த பிறகு, இரண்டே மாதங்களில் அவர் தலைமையிலான, பெரும்பாலும் முஸ்லிம்களைக் கொண்ட செலேக்கா கிளர்ச்சிப் படைகள் பாங்கிக்குள் புகுந்தன. மார்ச் 24 அன்று பொசிசே நாட்டை விட்டு ஓடினார், ஜோதோதியா ஆட்சியைப் பிடித்தார். வீடுகளையும் அலுவலகங்களையும் கொள்ளையடித்தார்கள், மருத்துவமனைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. இதில் எங்கே இருக்கிறது இராஜதந்திரம்?

ஆற்றங்கரை:
இருவரும் வைரத்தை மறந்துவிட்டீர்கள். 2008 அக்டோபரில் பொசிசே அரசு வைர வணிகர்களின் சரக்கைப் பறிமுதல் செய்தது. பிழைப்பை இழந்த வணிகர்களில் சிலர் பின்னர் கிளர்ச்சிக்குப் பணம் கொடுத்தார்கள். செலேக்கா ஒரே இயக்கமும் அல்ல. பல குழுக்களின் கூட்டணி. சாட், சூடானிலிருந்து வந்த போராளிகளும் அதில் கலந்திருந்தார்கள். ஜோதோதியா அதன் முகமாக இருந்தார். ஆனால் ஒவ்வொரு தளபதியும் தன் ஆட்களுக்குத் தானே அரசனாக இருந்தான்.

நெய்தல்:
நான் சொல்ல வந்ததும் அதுதான். ஆகஸ்டில் அதிபராகப் பதவிப் பிரமாணம் எடுத்தவர் செப்டம்பர் 13 அன்று செலேக்காவையே கலைப்பதாக அறிவித்தார். தன்னை அரியணையில் ஏற்றிய படையைக் கலைக்கத் துணிந்த கிளர்ச்சித் தலைவர்கள் எத்தனை பேர்? 2014 ஜனவரி 10 அன்று பதவியையும் துறந்தார். துப்பாக்கியோடு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

தொலைநோக்கி:
கலைத்ததாக அறிவித்தார், கலைக்கவில்லை. பெரும்பாலானோரிடமிருந்து ஆயுதம் வாங்கப்படவில்லை. ஊர்ப்புறங்களில் அதே ஆட்கள் அதே சோதனைச் சாவடிகளில் நின்றார்கள். அந்தக் கோபத்தில்தான் செலேக்காவை எதிர்த்த, பெரும்பாலும் முஸ்லிம் அல்லாதவர்களைக் கொண்ட ஆன்ட்டி பலாக்கா ஆயுதக் குழுக்கள் பெருகின. டிசம்பர் 5 அன்று பாங்கியைத் தாக்கின. அடுத்த சில நாள்களில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். பிறகு முஸ்லிம் மக்கள் வேட்டையாடப்பட்டு சாடுக்கும் கேமரூனுக்கும் ஓடினார்கள். எவருடைய குரலாக அவர் எழுந்தார் என்கிறீர்களோ, அந்த மக்களும் இதில் அழிந்தார்கள். எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

பதவி விலகல் பற்றியும் சொல்கிறேன். அண்டை நாடுகளின் தலைவர்கள் அவரைச் சாட் தலைநகர் இஞ்சமேனாவுக்கு அழைத்தார்கள். இடைக்கால நாடாளுமன்றமாக இருந்த பேரவையின் உறுப்பினர்களையும் விமானத்தில் அங்கே கொண்டுவந்தார்கள். அவ்வளவு நெருக்கடிக்குப் பிறகு வந்த விலகல் அது. தியாகம் என்று பெயர் சூட்டாதீர்கள்.

ஆற்றங்கரை:
நெருக்கடி உண்மைதான். ஆனாலும் அவர் மறுத்திருந்தால் பாங்கியில் இன்னும் எத்தனை பேர் இறந்திருப்பார்கள்? பெனினுக்குப் போனார்; 2020இல் நாடு திரும்பியபோதும் புதிய படை எதையும் திரட்டவில்லை. பொசிசே அதே ஆண்டின் இறுதியில் மீண்டும் ஆயுதக் குழுக்களோடு சேர்ந்தார். இந்த வேறுபாட்டையாவது கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாமா?

தொலைநோக்கி:
எடுத்துக்கொள்கிறேன். பொசிசேயைவிட மேல் என்பது மிகத் தாழ்ந்த அளவுகோல்.

நெய்தல்:
அப்படியானால் ஒரே கேள்வி. தளபதிகள் கேட்காத தலைவனை, அவர்கள் செய்ததற்கெல்லாம் பொறுப்பாக்க முடியுமா?

தொலைநோக்கி:
காட்டுக்குள் நடந்ததற்கு என்றால் உங்கள் வாதத்தை யோசிப்பேன். செலேக்காவைச் சேர்ந்த மஹமத் சயித் மீது ஹேக் நகரின் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் 2022இல் தொடங்கிய வழக்கு விசாரணையைப் பாருங்கள். பொசிசே ஆதரவாளர்கள் எனக் கருதப்பட்டவர்களை அடைத்து வைத்துச் சித்திரவதை செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நடந்ததாகச் சொல்லப்படும் இடம் தலைநகரிலேயே உள்ள ஒரு போலீஸ் வளாகம். காலம் 2013 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை. அப்போது நாட்டின் தலைமையில் இருந்தவர் ஜோதோதியா. அந்த வளாகத்தைத் தம்மால் எட்டிப் பார்க்கவே முடியவில்லை என்று அவர் சொன்னால், நீங்கள் நம்புவீர்களா?