ஆய்வு மாணவர்களே, உங்கள் ஆராய்ச்சியை விளக்கப் போய் நீங்களே கற்றுக்கொண்டது உண்டா?

நரம்பியல் ஆய்வு மாணவர், ஐந்தாம் ஆண்டு:

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள். அன்று எங்கள் நிறுவனத்துக்குள் பள்ளிப் பிள்ளைகளை விடுவார்கள். அப்போது நான் மூன்றாம் ஆண்டு. நாள்பட்ட மன அழுத்தத்தால் எலி மூளையில் நரம்பு செல்களின் கிளைகள் சுருங்குவதைப் போஸ்டர் பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வரைபடத்தில் ‘90’ என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"அண்ணா, இது 90 எலியா?"

"இல்லம்மா, 90 செல்."

"அப்ப எலி எத்தனை?"

"மூணு."

"அதுல ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருந்தா?"

என்னிடம் பதில் இல்லை. அதே படத்தை லேப் மீட்டிங்கில் இரண்டு முறை காட்டியிருக்கிறேன், யாரும் இதைக் கேட்டதில்லை. அன்று இரவே ஒவ்வொரு எலிக்கும் ஒரு நிறம் கொடுத்துப் புள்ளிகளை மறுபடி வரைந்தேன். சுருக்கத்தில் பெரும்பங்கு ஒரே எலியிலிருந்து வந்திருந்தது. ஒரே எலியின் 30 செல்களை 30 தனித்தனிச் சான்றாக எண்ணக்கூடாது. பாடமாகப் படித்ததுதான், ஆனாலும் என் படத்தில் எண்ணிவிட்டேன். எலிவாரியாகச் சராசரி எடுத்ததும், அழுத்தம் தந்த எலிகளுக்கும் தராத எலிகளுக்கும் இடையிலான வேறுபாடு புள்ளியியல் சோதனையில் நிற்கவில்லை.

கைடிடம் போய்ச் சொன்னேன். விலங்கு நெறிமுறைக் குழுவிடம் கூடுதல் எலிகளுக்கு அனுமதி வாங்கி, ஏழு மாதம் மறுபடி உழைத்தோம். ஒப்பிடும் ஒவ்வொரு பிரிவிலும் எட்டு எலி. சுருக்கம் உண்மைதான், ஆனால் நான் முதலில் சொன்னதில் பாதியளவுதான். ஆய்வேட்டில் இப்போது இருப்பது அந்தப் பாதி.

நுண்ணுயிரியல் பேராசிரியை, சென்னை:

தம்பி எழுதியதைப் படித்ததும் என் மாணவர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். ஆராய்ச்சி நெறிமுறைக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2019 கடைசியில் இரண்டு கிரெடிட் பாடத்தைக் கட்டாயமாக்கியது, அது நல்ல காரியம். ஆனால் எடுத்துச் சொல்லும் பயிற்சியை நாங்களாகத்தான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-இல் மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டியைத் தொடங்கியது. ஒரே ஸ்லைடு, அதில் எதுவும் அசையக்கூடாது. அதை நாங்கள் வெள்ளிக்கிழமைதோறும் செய்கிறோம். நான் சேர்த்தது ஒரே விதி: முதல் முறை தமிழில், அடுத்த வாரம் ஆங்கிலத்தில்.

நான் சொன்ன அந்த மாணவர் தமிழ் வழியில் படித்து வந்தவர். ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் ஸ்லைடைப் பார்த்து அப்படியே வாசிப்பார். தமிழில் சொல்லச் சொன்னேன். "தண்ணித் தொட்டியோட உள்சுவரைத் தடவினா வழவழன்னு கையில வருமே மேடம், அதுதான் பாக்டீரியாப் படலம். மூத்திரம் போக நோயாளிக்குப் போடுற டியூப்லயும் அது படியும். மருந்து குடுத்தா மேல இருக்கிறது சாகும், உள்ள இருக்கிறது பிழைச்சுக்கும்" என்றவர், சட்டென்று நிறுத்திவிட்டார். "மருந்து உள்ளயே போகலையா, இல்ல போயும் சாகலையா? அதை நான் பார்க்கவே இல்லையே மேடம்."

அவருடைய ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அந்தக் கேள்விதான். ஆங்கிலத்தில் ‘பயோஃபிலிம் ரெசிஸ்டன்ஸ்’ (பாக்டீரியாப் படலம் மருந்தை எதிர்ப்பது) என்று அவர் நூறு தடவை சொல்லியிருப்பார். அந்தச் சொல்லுக்குள் இந்த ஓட்டை அவர் கண்ணில் படவே இல்லை, உண்மையில் என் கண்ணிலும்தான்.

செல் உயிரியல், போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்):

எனக்கு நடந்தது சின்ன விஷயம். ஒரு கருத்தரங்கில் இரண்டு புரதங்களைச் சிவப்பிலும் பச்சையிலும் காட்டி, மஞ்சளாகத் தெரியும் இடத்தில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன என்றேன். பேச்சு முடிந்ததும் மூத்த விஞ்ஞானி ஒருவர் கிட்டே வந்து, "எனக்குச் சிவப்பு, பச்சை பேதம் தெரியாது. நீங்கள் சொன்னதை நம்பத்தான் வேண்டியிருந்தது, பார்க்க முடியவில்லை" என்றார். ரொம்ப மென்மையாகத்தான் சொன்னார். ஆதாரத்தைக் காட்ட வந்துவிட்டு நம்பச் சொல்லியிருக்கிறேனே என்று அன்று முழுக்க மனசு ஆறவில்லை. அன்றிலிருந்து மெஜந்தாவும் பச்சையும்தான், இரண்டும் சேரும் இடம் வெள்ளையாகத் தெரியும். ஒவ்வொரு நிறத்தையும் கறுப்பு வெள்ளையில் தனியாகவும் பக்கத்தில் வைக்கிறேன்.

முதலில் எழுதிய தம்பிக்கு ஒரு கேள்வி. அந்தப் பெண்ணிடம் பிறகு சொன்னீர்களா?

நரம்பியல் ஆய்வு மாணவர்:

இல்லை அக்கா. எந்தப் பள்ளி என்று அன்று கேட்டு வைக்கவில்லை. நன்றியுரையில் கைடுக்கு அடுத்த வரியில், ‘எத்தனை எலி என்று கேட்ட எட்டாம் வகுப்பு மாணவிக்கு’ என்று எழுதியிருக்கிறேன்.