போர் ஓய்ந்த நகரத்தில் சுற்றுலாவை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
நகரத் திட்டமிடல் படிக்கிறேன். மோதலிலிருந்து மீண்டு வரும் நகரம் ஒன்றுக்குச் சுற்றுலாத் திட்டம் எழுத வேண்டும். நான் புரட்டிய அறிக்கைகள் எல்லாமே விமான நிலையம், ஹோட்டல், விளம்பரம் என்றுதான் ஆரம்பிக்கின்றன. எனக்கு அது உறுத்துகிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இன்னும் அதே தெருவில்தானே இருக்கிறார்கள், அவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

பதில் 1:
அங்கே வாழ்கிறவர்களுக்கு வேண்டியதை முதலில் கட்டுங்கள். கொலம்பியாவின் மெதெயினில் 2004-ல் கேபிள் கார் ஓடத் தொடங்கியதும், 2011-ல் அதே நகரின் கொமூனா 13 என்ற பகுதியின் மலைச்சரிவில் எஸ்கலேட்டர் வைத்ததும் சுற்றுலாவுக்காக இல்லை, மூச்சு வாங்கப் படியேறி வீடு போய்ச் சேர்ந்த மக்களுக்காக. இன்று அதே சரிவில் சுவரோவியங்களைக் காட்டிக் கதை சொல்லி அந்தப் பகுதி இளைஞர்கள் சம்பாதிக்கிறார்கள்.

பதில் 2:
சரி, ஆனால் அதே ஊரில் பலரைக் கொன்ற போதைப்பொருள் கும்பல் தலைவன் பாப்லோ எஸ்கோபாரின் பெயரை வைத்தும் ஒரு சுற்றுலா வளர்ந்ததே! கொன்றவனின் முகம் போட்ட டிசர்ட் விற்பதைப் பார்க்கிற குடும்பத்துக்கு எப்படி இருக்கும்? அவன் குடும்பம் வாழ்ந்த மொனாக்கோ என்ற கட்டடத்தை 2019-ல் வெடிவைத்துத் தகர்த்து, அங்கே இறந்தவர்களுக்கு நினைவுப் பூங்கா அமைத்தார்கள். கதையை யார் சொல்வது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் மோதிக்கொண்ட இரு தரப்பிலும் சிறை சென்று வந்தவர்கள் அவரவர் பகுதியைத் தாங்களே சுற்றிக் காட்டுகிறார்கள், பயணி இரண்டு கதைகளையும் கேட்டுவிட்டுத்தான் போகிறார்.

பதில் 3:
பணம் யார் கையில் தங்குகிறது என்றும் பாருங்கள். போஸ்னியாவில் 1993-ல் போரில் தகர்க்கப்பட்ட மோஸ்தார் நகரப் பாலத்தை 2004-ல் அழகாக மீண்டும் கட்டித் திறந்தார்கள், ஆனால் பலர் பேருந்தில் வந்து படமெடுத்துவிட்டு அன்றே கிளம்பிவிடுகிறார்கள், இரவு தங்கினால்தானே ஊருக்கு வருமானம். குரோஷியாவின் டுப்ரோவ்னிக்கில் நேர்மாறு. 1991-ல் குண்டு விழுந்த அதே பழைய நகரத்தில் பிறகு கூட்டம் தாங்காமல், சொகுசுக் கப்பல்களுக்கு வரம்பு வைக்க வேண்டியதாயிற்று. வரம்பை முதலிலேயே வையுங்கள், வாடகை ஏறி உள்ளூர்க்காரர்கள் வெளியேறிய பிறகு வைத்து என்ன பயன்?

கேள்வி கேட்டவர்:
நன்றி. சுற்றியுள்ள மலைகளில் கண்ணிவெடி இருந்தால் அந்தப் பகுதியைத் திட்டத்தில் சேர்க்கலாமா?

பதில் 1:
அகற்றி முடிக்கும்வரை வேண்டாம். போஸ்னியத் தலைநகர் சரயேவோவில், கண்ணிவெடி புதைக்கப்பட்டிருந்த ட்ரெபெவிச் மலைக்குப் போரில் நின்றுபோன கேபிள் கார் 2018-ல்தான் திரும்ப ஓடியது. உங்கள் மலைகளில் வெடிகளை அகற்றும்வரை நகரத்துக்குள்ளேயே காட்ட நிறைய இருக்கும்.