புதுப்பிப்பு: உப்புவெளி மேடைக்கு எடுத்த பேஸும் ஆம்பும்

திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள உப்புவெளிக் கடற்கரை ஹோட்டல்களில் வாசிக்க எந்த பேஸ் கிட்டார், எத்தனை வாட் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) என்று முன்பு உங்களிடம் கேட்டிருந்தேன். முடிவு செய்தாயிற்று: பிரசிஷன் வகை நான்கு தந்தி பேஸ், 500 வாட் கிளாஸ்-டி ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத, எடை குறைந்த ஆம்ப்), 8 ஓம் கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி) ஒன்று.

ஜாஸ் பேஸும் அருமையான வாத்தியம்தான். ஆனால் அதன் இரண்டு பிக்கப்புகளின் (தந்தி அதிர்வை மின்சைகையாக்கும் பாகங்கள்) வால்யூமும் சமமாக இல்லாவிட்டால் ஹம் என்ற மின் இரைச்சல் எட்டிப் பார்க்கும். பிரசிஷனில் 1957 முதல் வரும் இரண்டாகப் பிரிந்த பிக்கப் அந்த இரைச்சலைத் தானே அடக்கிவிடும். அந்த இரைச்சலைக் கூட்டும் மின்குமிழ் அலங்காரம் நிறைந்த மேடைகளில் இது பெரிய நிம்மதி.

ஆம்பின் வாட்டை ஏற்றியே கூட்டத்துக்குக் கேட்கவைக்கப் பார்க்க வேண்டாம் என்று நீங்கள் சொன்னது சரி. கடற்கரையில் ஒலியைத் திருப்பியனுப்பச் சுவரே இல்லை. மிகத் தாழ்ந்த ஈ தந்தியின் 41 ஹெர்ட்ஸைக் கூட்டத்துக்குக் கொண்டுபோவது சப்வூஃபரின் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) வேலை. ஆம்ப் எங்களுக்கும் டிரம்ஸ்காரருக்கும் கேட்டால் போதும். அதனால் நல்ல டிஐ வெளியீடு (ஒலியை நேரே மிக்சருக்கு அனுப்பும் இணைப்பு) உள்ள ஹெட்டையே முதலில் பாருங்கள். இன்னொன்று, அந்த 500 வாட் 4 ஓமில்தான் முழுதாக வரும். பெரிய இடம் கிடைத்தால் இன்னொரு 8 ஓம் கேபினட்டைச் சேர்ப்பேன்; இரண்டும் சேர்ந்தால் 4 ஓம் ஆகிவிடும்.

அப்புறம், உப்புக்காற்றுக்குத் தந்திகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடிந்த கையோடு துடைத்துவிடுங்கள். கோட்டிங் போட்ட தந்தி விலை கூடினாலும் இங்கே அதுதான் நல்லது.